கேளுங்கள், சொல்கிறோம்: நட்சத்திரத்தை ஒளித்துவிட்டுக் கதையைக் கேளுங்கள்

கேள்வி: ஞாயிறுதோறும் நண்பர்கள் நாலு பேர் கூடி, அவரவர் சினிமாக் கதையைச் சொல்லிக் குறைநிறை பேசுகிறோம். எப்போதும் 'யார் ஹீரோ' என்ற சண்டையில்தான் முடிகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், செல்லூர், மதுரை

பதில்: நடிகர் பெயரை முதலில் சொல்வதுதான் கோளாறு. பெயரைக் கேட்டதும் அவருடைய பழைய படங்கள் மனதில் ஓடி, உங்கள் கதையின் ஓட்டைகளை அடைத்துவிடும். 'மாஸ் ஹீரோ' என்று எழுதாமல் வயது, தொழில், பேச்சு வழக்கு, எதற்கு அஞ்சுகிறான் என்று நாலு வரி எழுதுங்கள். அதற்கு மூன்று நடிகர்களைப் பொருத்திப் பாருங்கள். ஒருவரைத் தவிர வேறு யாரும் பொருந்தவில்லையா? பாத்திரம் இன்னும் உருவாகவில்லை.

கதை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் எழுதியவர் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. கேட்டவர்களில் ஒருவர் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். அவர் தடுமாறும் இடம், பெரும்பாலும் இடைவேளைக்குப் பிந்தைய பகுதி, அதுதான் பலவீனம். 'நல்லா இல்லை' என்பது விமர்சனமே அல்ல. எந்தக் காட்சியில் கவனம் சிதறியது என்று சொல்லுங்கள்.

ஊர் விவரத்தையும் விடாதீர்கள். தைப்பொங்கலன்று நாயகன் அலங்காநல்லூரில் மாடு பிடிக்கிறான் என்று எழுதினால் மதுரைக்காரர் உடனே பிடித்துவிடுவார்! அன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள்தான் அலங்காநல்லூர். படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.