உடைந்த கையோடு ஆடிய கேப்டன்: ஆலன் ப்ரெஸ்காட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ரக்பி என்றால் எனக்கு நியூசிலாந்துக்காரர்களின் ஹாக்கா நடனம் மட்டும்தான் தெரியும். பிரிட்டன் அணியின் கேப்டனாக இருந்த ப்ரெஸ்காட் அந்த ஆட்டம்தான் ஆடினாரா?

பதில்: நீங்கள் பார்த்தது ரக்பி யூனியனாக இருக்கும், அதில் அணிக்கு 15 பேர். ப்ரெஸ்காட் ஆடியது 13 பேர் ஆடும் ரக்பி லீக். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கக் கூடாது என்று தலைமைச் சங்கம் பிடிவாதம் பிடித்தது. வட இங்கிலாந்துக் கிளப்புகள் 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்தன. ப்ரெஸ்காட் அந்த மண்ணின் பிள்ளை. ரசாயன ஆலைகள் நிறைந்த விட்னஸ் நகரில் 1927-இல் பிறந்தார்.

கேள்வி: அவர் எந்த இடத்தில் ஆடுபவர்?

பதில்: ஹாலிஃபாக்ஸ் கிளப்பில் விங்கராக, மைதான ஓரத்தில் ஓடும் ஆளாகத் தொடங்கினார். 1949-இல் செயின்ட் ஹெலன்ஸுக்கு மாறினார். பிறகு முன்களத்துக்கு நகர்ந்து ப்ராப் ஆனார். இரு அணி முன்கள வீரர்களும் பிணைந்து நின்று ஒருவரையொருவர் தள்ளுவதுதான் ஸ்க்ரம். அதன் முன்வரிசையில் தோள் கொடுத்து முட்டுவது ப்ராப்பின் வேலை. அதற்கு உடல் கனமாக இருந்தால் போதும் என்று பலரும் நினைத்த காலம் அது. அங்கே விங்கரின் வேகத்தோடு ஒருவர் வந்து நின்றதுதான் அவருடைய தனிச்சிறப்பு.

கேள்வி: அவர் கை உடைந்த பிரிஸ்பேன் டெஸ்டில் (டெஸ்ட் என்றால் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) உண்மையில் என்ன நடந்தது அண்ணா? பாதி ஆட்டம்தான் ஆடினார் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: பாதி இல்லை, கிட்டத்தட்ட முழு ஆட்டமும். 1958 ஜூலை 5. சிட்னியில் நடந்த முதல் டெஸ்டில் பிரிட்டன் ஆஸ்திரேலியாவிடம் 8-25 என்று தோற்றிருந்தது. இதிலும் தோற்றால் ஆஷஸ் தொடரே (கிரிக்கெட்டைப் போல ரக்பி லீக்கிலும் இந்த இரு நாடுகளும் மோதும் தொடருக்கு அதே பெயர்) கைவிட்டுப் போய்விடும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கேப்டன் ப்ரெஸ்காட்டின் வலக்கை எலும்பு முறிந்தது. சற்று நேரத்தில் சக வீரர் டேவ் போல்டனுக்குக் காறையெலும்பு முறிந்து அவர் வெளியேறினார். அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே கிடையாது. பிரிட்டனில் அது வந்தது 1964-இல்தான். கேப்டனும் போனால் 13 பேருக்கு எதிராக 11 பேர். அதனால்தான் அவர் போகவில்லை.

இடைவேளையில் மருத்துவர் எச்சரித்தும் மறுபடி களம் இறங்கினார். தொங்கும் வலக்கையோடு ஸ்க்ரமில் நின்றார், இடக்கையால் ஆட்களைப் பிடித்தார். சக வீரர்களில் சாலினருக்குத் தோளில் அடி, ஃப்ரேசருக்கு முழங்கையில் அடி, கராலியஸுக்கு முதுகில் அடி. அந்த முதுகோடு கராலியஸ், போல்டன் விட்டுப்போன ஸ்டாண்ட்-ஆஃப் (ஆட்டத்தை வழிநடத்துபவர்) இடத்துக்குப் போய், 19 வயது அலெக்ஸ் மர்ஃபிக்குத் துணை நின்றார். பிரிட்டன் 25-18 என்று வென்றது. ப்ரெஸ்காட் இல்லாமல் ஆடிய மூன்றாவது டெஸ்டையும் 40-17 என்று வென்று தொடரைக் கைப்பற்றியது.

கேள்வி: இதைக் கொண்டாடுவது சரியா? என் மகனும் விளையாடுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. உடைந்த எலும்போடு யாரும் ஆடக் கூடாது. இன்று அப்படி ஆட விடவும் மாட்டார்கள். அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்க அனுமதிக்காத விதிதான் அன்று அவரை அந்த நிலைக்குத் தள்ளியது. அவருடைய மன உறுதியை நான் மனதார மதிக்கிறேன். அந்த விதியை அல்ல. அடிபட்டால் உடனே வெளியே வரச் சொல்லியே மகனை வளருங்கள்.

கேள்வி: அந்த ஒரு ஆட்டத்தைத் தவிர வேறு என்ன சாதித்தார்?

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். சேலஞ்ச் கோப்பை என்பது ரக்பி லீக் கிளப்புகள் மோதும் நாக்-அவுட் போட்டி. செயின்ட் ஹெலன்ஸ் 1897-இல் அதன் முதல் இறுதியாட்டத்திலேயே தோற்ற கிளப். அதன் பிறகும் இறுதிவரை வந்து வந்து தோற்றது. 1956-இல் ப்ரெஸ்காட் தலைமையில், அவருடைய பழைய கிளப்பான ஹாலிஃபாக்ஸை 13-2 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ஆட்ட நாயகனுக்கான லான்ஸ் டாட் விருதும் அவருக்கே. அவருடைய திறமையை எடைபோட வேண்டுமென்றால் நான் பிரிஸ்பேனைவிட இந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன். பிரிட்டனுக்காக 28 டெஸ்ட் ஆடியிருக்கிறார்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு?

பதில்: செயின்ட் ஹெலன்ஸுக்கே பயிற்சியாளர் ஆனார். 1961 சேலஞ்ச் கோப்பை இறுதியில் பரம எதிரி விகனை 12-6 என்று வென்றது அவர் பயிற்சி கொடுத்த அணி. 1998-இல் காலமானார்.

கேள்வி: அடுத்து யாரைப் பற்றிப் படிக்கலாம்?

பதில்: வின்ஸ் கராலியஸ். அவரும் விட்னஸ்காரர், அவரும் முன்கள வீரர். 1961 கோப்பையைக் கேப்டனாக வாங்கியவரும் அவர்தான். பிறகு சொந்த ஊர் கிளப்புக்குத் திரும்பி, 1964-இல் விட்னஸுக்கும் அதே கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.