காலை வெயில் எந்தப் பக்கம்?

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் புதிதாக இரண்டு மாடிக் கட்டடம் வரப்போகிறது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சோலார் என்கிறார், இன்னொருவர் ஏசி என்கிறார். வெயிலுக்கும் புயலுக்கும் தாக்குப்பிடிக்க நாங்கள் முதலில் எதைக் கேட்க வேண்டும்?
– ஒரு தாய், மூதூர்

பதில்: திசையைக் கேளுங்கள் சகோதரி. சோலாரைப் பிறகும் பூட்டலாம், கட்டி முடித்த கட்டடத்தைத் திருப்பி வைக்க முடியாது. யன்னல் உள்ள நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். எல்லோரும் மேற்கு வெயிலுக்குத்தான் பயப்படுவார்கள், ஆனால் பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடுமே! எட்டு மணிக்கே கிழக்கு யன்னலால் வெயில் நுழைந்து கரும்பலகையில் பளபளக்க, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் கிழக்கிலும் மேற்கிலும் வெறுஞ்சுவர், அல்லது படிக்கட்டு, களஞ்சிய அறை.

அடுத்தது கூரை. சீலிங் இல்லாத சீற்றுக்குக் கீழே கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு பாடம் ஏறாது. வெளிர் நிறச் சீற்று, கீழே சீலிங், முகட்டோரம் சூடு வெளியேற இடைவெளி, இவ்வளவும் இருந்தால் ஏசிப் பேச்சே எழாது. ஆனால் 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட ஊர் இது, 2020 டிசம்பரில் புரெவியும் நமக்கு வடக்கேதான் கரையேறியது. காற்று கூரையை அமுக்குவதைவிடக் கீழிருந்து தூக்குவதுதான் அதிகம். ஆகவே கைமரங்களை பீமோடு இரும்புப் பட்டியால் கட்டியிருக்கிறார்களா, அந்தப் பட்டியும் ஆணியும் கல்வனைஸா என்று பாருங்கள். நம்முடைய உப்புக்காற்றுக்குச் சாதாரண ஆணி சில வருடத்தில் துருப்பொடிதான். விறாந்தைக் கூரையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள், அது பிய்ந்தாலும் வகுப்பறைக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

இன்னொன்று, வெள்ளம் வந்தால் சனம் வந்து தங்குவதும் பாடசாலையில்தான். மேல்மாடியில் ஒரு மலசலகூடமாவது இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: கூரை மழைநீரைச் சேர்ப்பதில் பிரயோசனம் உண்டா?
– வாசகர், நிலாவெளி

பதில்: கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 80 அடிக்கு 20 அடிக் கூரை ஏறத்தாழ 150 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 15,000 லீற்றர், சிந்தியது போனாலும் 12,000 மிஞ்சும். மாரி மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும், மலசலகூடம் வறளுவது ஓகஸ்டில். அதனால் தாங்கியைப் பெரிதாகக் கட்டுங்கள். பீலியைச் செப்டெம்பரிலேயே துப்புரவாக்குங்கள், முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தாங்கி வாய்க்கு நுளம்பு வலை மறக்க வேண்டாம், டெங்கு வந்தால் பழி தாங்கிக்குத்தான்.