குணவகையும் வேலையும்: கேள்வி பதில்

இராமநாதபுரத்தில் மாணவர்களுக்குத் தொழில்வழி ஆலோசனை சொல்லி வருபவன் என்ற முறையில், கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

மண்டபம், மாணவி: இணையத் தேர்வில் எனக்கு 'ஐ.என்.எஃப்.பி.' என்று வந்தது. வங்கித் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிடலாமா?

விடவேண்டாம். உளவியலாளர் காரல் யுங் 1921-இல் எழுதியவற்றை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் வகுத்த 16 குணவகைகளில் அது ஒன்று. நான்கு எழுத்துகளில் ஒவ்வொன்றும் இரு எதிரெதிர் இயல்புகளில் ஒன்றைக் குறிக்கும். நம்மில் பெரும்பாலோர் அந்த இரண்டுக்கும் நடுக்கோட்டுக்கு அருகில் நிற்பவர்கள். அந்தத் தேர்வோ ஒவ்வொருவரையும் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுவதால், இரண்டு கேள்விகளுக்கு வேறு மாதிரி பதில் சொன்னாலே எழுத்து மாறிவிடக்கூடும். இன்றைய ஆய்வாளர்கள் குணத்தை ஐந்து பண்புகளின் ஏற்ற இறக்கமாகவே அளக்கிறார்கள். அவற்றுள் பொறுப்புணர்வே எல்லாத் தொழில்பிரிவுகளிலும் செயல்திறனோடு தொடர்புடையது என்று பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அந்த ஐந்தில் இன்னொன்றான கலகலப்பு முக்கியமாக விற்பனையிலும் மேலாண்மையிலும் உதவுகிறது. நான்கெழுத்தை நம்பி எதையும் விடாதீர்கள்.

பாம்பன், நாட்டுப்படகுக் குடும்பம்: கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்பா நொடியில் முடிவு செய்கிறார். எனக்கு ஒரு வலை வாங்கவே ஒரு வாரம் ஆகிறது. நான் கோழையா?

இல்லை. கச்சான் காற்றையும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தையும் உங்கள் அப்பா பல்லாண்டுகளாகப் பார்க்கிறார். கணிப்பு தவறினால் அன்று மாலையே வெறும் படகு அதைச் சொல்லிவிடுகிறது. ஒழுங்குள்ள சூழலில், உடனுக்குடன் விளைவு தெரியும் தொழிலில்தான் உள்ளுணர்வை நம்பலாம் என்று உளவியலாளர்கள் கானமனும் க்ளைனும் 2009-இல் எழுதினார்கள். அதே அப்பா நிலம் வாங்கும்போது நொடியில் முடிவெடுத்தால், நீங்கள் ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள்.

ஏர்வாடி: ராசிக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா?

என் துறை அன்று.

தொண்டி: தேர்வில் எனக்கு 'இன்ட்ரோவர்ட்' (அதிகம் கலகலப்பில்லாதவர்) என்று வந்தது. வளைகுடா வேலைக்குப் போகலாமா?

முதல் பதிலைப் பாருங்கள். சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் கேளுங்கள்; எழுத்தை அல்ல.

தங்கச்சிமடம், விசைப்படகு உரிமையாளர்: எல்லை தாண்டினால் படகு போகும், தாண்டாவிட்டால் மீன் இல்லை. 61 நாள் தடைக்காலத்திலும் வட்டி ஓடுகிறது. இதில் குணம் எங்கே வந்தது ஐயா?

நியாயமான கோபம். வேலைப்பளு மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறையும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சமடைகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னது உங்கள் படகுக்கு அப்படியே பொருந்துகிறது.

கீழக்கரை, ஆசிரியர் (குறுக்கிட்டு): அதே படகில் ஒருவர் குறட்டை விடுகிறார், ஒருவர் விடியும்வரை விழித்திருக்கிறார். அது குணம்தானே?

ஓரளவு ஆம், எளிதில் கலங்கும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் விழித்திருப்பவர் யார் என்று உரிமையாளரிடமே கேட்டேன். "நான்தான். கடன் என் பெயரில் இருக்கிறது" என்றார். ஆசிரியர் விடவில்லை: கடனுக்கு முன்பு தூங்கினாரா? அதற்கு உரிமையாளர் எழுதியது: "பெரியதாகத் தூங்கியதில்லை. ஆனால் அப்போது வாசலில் காற்றுக்காகப் படுத்திருந்தேன். இப்போது யார் வருகிறார்கள் என்று பார்க்கப் படுத்திருக்கிறேன்." இருவரும் பாதி பாதி சரி. ஐயா, உங்கள் இயல்பை மாற்ற முயல்வதற்கு முன், கடன் கணக்கை வீட்டில் இன்னொருவர் அறியச் செய்யுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

தேவிபட்டினம்: எனக்கு 'ஐ.எஸ்.டி.ஜே.'. எந்த வேலை பொருந்தும்?

மீண்டும் எழுத்துகள்! கடைசியாக நேரம் போவதே தெரியாமல் செய்த வேலை எது, உடன் யார் இருந்தார்கள், அதில் எந்த முடிவு உங்கள் கையில் இருந்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்.