சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

கேள்வி: செம்பனை ஆலையில் சாதாரண ஆளாக இருந்த நான் இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். பழைய கூட்டாளிகள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பதுகூட இல்லை. நல்ல தலைவனாக என்ன செய்ய வேண்டும்? ஈப்போவில் நடக்கும் தன்முனைப்புப் பயிலரங்குக்குப் போகலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: எதற்குத் தம்பி எழுந்து நிற்க வேண்டும்? 1941-இல் மலாயாவில் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது நம் ஆட்கள் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டது என்ன தெரியுமா? வெள்ளைக்காரத் துரையோ தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதுதான். அதற்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அப்படி வாங்கிய நிமிர்வை உங்கள் கூட்டாளிகள் உங்களுக்காக விட வேண்டுமா? எழுந்து நிற்க வைக்கும் ஆசை, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த கங்காணி காலத்தது. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று எண்ணித்தான் கங்காணிக்குத் தலைக்காசு, அதனால் காய்ச்சலில் கிடந்தவனையும் லயத்தை விட்டுக் கிளப்பினார்கள். இன்று நம் கோயில் நிர்வாகங்களிலும் அதே ஆசைதான், மாலையும் முதல் வரிசை நாற்காலியும் இல்லாமல் ஒருவரும் தலைவராக இருக்கத் தயாரில்லை. இதை எழுதி எழுதி நிறைய பேரிடம் திட்டு வாங்கியாயிற்று, இன்னும் எழுதுவேன்.

பயிலரங்கு வேண்டாம். ஹோட்டல் மண்டபத்தில் கைதட்டிவிட்டு வருவதற்கு உங்கள் சம்பளத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் கஷ்டம் ஓவர்டைம் பட்டியலில் இருக்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ப்பு அதிகமான மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு லோரி வந்தாலும் யாராவது நின்றுதான் ஆக வேண்டும். அந்த யாராவது எப்போதும் வங்காளதேசத்துப் பையனாகவே இருந்து, உங்களோடு பந்து விளையாடியவருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு விழுந்தால், அறிவிப்புப் பலகையில் அதை எல்லாரும் படிக்கிறார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் மறுநாள் நீங்கள் சொல்லும் வேலை மெதுவாக நடக்கும். கூட்டாளிக்கு 'இந்த வாரம் உனக்கு இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வது கஷ்டம்தான், ஒன்றிரண்டு பேர் கொஞ்ச நாள் பேசாமல்கூடப் போவார்கள். போகட்டும்.

தைப்பூசம் வருகிறது. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்க எல்லாரும் லீவு கேட்பார்கள். அன்றைய ஷிஃப்டில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதிவிட்டு, அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.