பணம் அனுப்பினால் மட்டும் போதாது, தம்பி

தம்பி, நீங்கள் ஒரே மூச்சில் நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். டொரண்டோ வந்து மூன்று மாதம் ஆகிறது, குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது, லைசென்ஸ் எப்படி எடுப்பது, பேஸ்மெண்டில் குடியேறலாமா என்று. கடைசி வரியில், தண்டையார்பேட்டை வீட்டில் டிரைனேஜ் குழாய் உடைந்து பின்கட்டில் கழிவுநீர் தேங்குகிறது, அம்மா தனியாக இருக்கிறார், இங்கிருந்து பணம் அனுப்பினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட்டுக்கும் லைசென்ஸுக்கும் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். போதாது, தம்பி.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். 2001 நவம்பரில் இங்கே வந்தேன். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மெண்டில் வாடகைக்கு இருந்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து கதவைத் திறந்தால், கணுக்கால் அளவுக்குச் சாக்கடை. தரையில் இருந்த வடிகால் வழியாக மேலே ஏறி வந்திருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸில்தான் என் டிகிரி சான்றிதழும் அப்பா எழுதிய கடிதங்களும் இருந்தன. வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர்தான். நான் கஞ்சியும் எண்ணெயும் ஊற்றித்தான் அடைத்துக்கொண்டது என்று சொல்லி 300 டாலர் வாங்கிக்கொண்டார். பிறகு பிளம்பர் வந்து குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது, வாசலில் நின்ற மேப்பிள் மரத்தின் வேர் பழைய மண்குழாயின் இணைப்பைப் பிளந்துகொண்டு உள்ளே கொத்தாக வளர்ந்திருந்தது. என் 300 டாலர் திரும்பி வரவில்லை. அந்தச் சான்றிதழ் இன்னும் மஞ்சள் கறையோடுதான் இருக்கிறது.

பேஸ்மெண்ட் பற்றிக் கேட்டதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. போகலாம், ஆனால் தரையில் எதையும் வைக்காதீர்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்சூரன்ஸில் சாக்கடை எதிரேறுவதற்குத் தனியாகச் சேர்த்தால்தான் பெரும்பாலும் பணம் கிடைக்கும்.

அன்றைக்கு அந்த பிளம்பர் புல்தரையில் காலால் ஒரு கோடு கிழித்து, "இந்தப் பக்கம் வீட்டுக்காரருடையது, அந்தப் பக்கம் நகராட்சியுடையது" என்றார். நம் ஊரிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான். வாசலில் கழிவுநீர் வந்து சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டி, அதாவது சேம்பர், வரைக்கும் நம் பொறுப்பு. தெருவில் ஓடும் மெயின் குழாய், சென்னையின் குடிநீர், கழிவுநீர் வாரியமான மெட்ரோவாட்டருடையது. நடுவில் ரோட்டுக்கடியில் இருக்கும் துண்டைத் தொட வேண்டுமானால் மெட்ரோவாட்டரில் எழுதிக் கொடுத்து, ரோடு வெட்ட மாநகராட்சி அனுமதியும் வாங்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி மூடிவிடலாம் என்று எவராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே பள்ளத்தில் குடிநீர்க் குழாயும் மின்சார கேபிளும் போகும்.

உடைந்திருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? குத்தகைக்கு வேலை எடுப்பவர் சொன்னாரா? நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் யாரையாவது வாசல் சேம்பர் மூடியைக் கம்பியால் நெம்பித் திறக்கச் சொல்லுங்கள். குனிந்து முகத்தைக் கொண்டுபோகாமல், தள்ளி நின்று பார்க்கட்டும். சேம்பர் நிரம்பி வழிந்து, அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியே இருந்தால் அடைப்பு மெயினில். மெட்ரோவாட்டரின் புகார் எண் 1916க்குப் போன் செய்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் சேம்பர் மட்டும் நிரம்பி, பக்கத்து வீட்டில் தண்ணீர் நன்றாக ஓடினால், அடைப்பு உங்கள் சேம்பருக்கும் மெயினுக்கும் நடுவில். சேம்பர் காய்ந்து கிடக்க, பின்கட்டில் மட்டும் தேங்கினால்தான் வீட்டுக்குள் போகும் குழாயில் கோளாறு. கழிப்பறையில் கொஞ்சம் சொட்டு நீலத்தைக் கரைத்து ஒரு வாளித் தண்ணீரோடு ஊற்றினால், அது எந்தச் சேம்பரில் எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே சொல்லுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் தரைத்தொட்டி, அதான் சம்ப், பக்கத்தில் இருந்தால் அம்மா அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். உடைந்த குழாயிலிருந்து கசிவது மண் வழியாகவே சம்ப்புக்குள் போய்விடும். தெருக்குழாயில் தண்ணீர் விடாத நேரத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சினால், குடிநீர்க் குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். எங்கள் தெருவில் அடிபம்பில் வரும் முதல் இரண்டு குடம் கறுப்பாக வரும், அதைக் கொட்டிவிட்டுத்தான் பிடிப்போம். என் தங்கைக்கு ஒன்பது வயதில் மஞ்சள்காமாலை வந்தது அந்தத் தண்ணீரால்தான் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். குழாய் மாற்றியபின் சம்ப்பை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எங்கள் பகுதியின் பழைய வீடுகளில் பெரும்பாலும் ஸ்டோன்வேர் என்கிற சுட்ட மண்குழாய்தான். இரண்டிரண்டு அடித் துண்டுகள், சிமெண்ட் வைத்த இணைப்புகள். அந்த இணைப்பில்தான் வேர் நுழையும், மண் இறங்கினால் அங்கேதான் விலகும். உடைந்த இடத்தில் சாக்கு சுற்றி சிமெண்ட் பூசுவது ஆறு மாதம்கூடத் தாங்காது. சேம்பரிலிருந்து சேம்பர் வரை முழுக்க எடுத்துவிட்டு, மண்ணுக்கடியில் போடுவதற்கென்றே வரும் கனமான பிவிசி குழாய் போடச் சொல்லுங்கள். அடியில் செங்கல் துண்டு கிடக்கக் கூடாது, மணல் பரப்பித்தான் குழாய் வைக்க வேண்டும். இங்கே கனடாவில் தோண்டாமல் பழைய குழாய்க்குள் பிசின் தோய்த்த துணிக்குழாயைச் செலுத்தி இறுக வைக்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் இடிந்து விழுந்த குழாய்க்கும் தொய்ந்துபோன குழாய்க்கும் அது உதவாது. பத்தடி பின்கட்டுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை.

வாட்டம்தான் உயிர். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்து அடிக்கு மூன்று அங்குல இறக்கம் என்பது பழைய கணக்கு. ஆறு அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலம். வடசென்னை கடலோரத் தட்டைப் பூமி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், அதனால் இந்த இறக்கம் கிடைப்பதே கஷ்டம். போதாக்குறைக்கு, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, எங்கள் வாசல்படி மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்ட வீடு அது. இப்போது ரோட்டிலிருந்து உள்ளே இறங்கிப் போக வேண்டும். மெயின் நிரம்பினால் முதலில் வருவது பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குள்தான். ரோடு போடும்போது எதிர்த்துக் கேட்காமல் விட்ட எங்கள் தெருக்காரர்கள் எல்லோர் மேலும் எனக்கு இன்னும் கோபம் உண்டு. உங்கள் வீடும் அப்படித் தாழ்ந்திருந்தால், குழாய் மாற்றும்போதே சேம்பரில் ஒரு தடுப்பு வால்வும் போட்டுவிடுங்கள்.

நான் இதையெல்லாம் பணம் தொலைத்துத்தான் கற்றேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக் குழாய் போனது. இங்கிருந்து 60,000 ரூபாய் அனுப்பினேன். வேலை முடிந்தது என்று போனில் சொன்னார்கள். நான் ஒரு படம்கூடக் கேட்கவில்லை, வேலைக்குப் போகும் அவசரம். நாலு மாதத்தில் மறுபடி பின்கட்டில் தேங்கியது. மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு நானே போனேன். தோண்டிப் பார்த்தால் இருபதடிக் குழாயில் இறக்கம் ஒரு அங்குலம்கூட இல்லை, நடுவில் வயிறு வேறு விழுந்திருந்தது. இந்த முறை மூடுவதற்கு முன் ஒரு முனையில் டார்ச் அடிக்கச் சொல்லி, மறுமுனையில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பிறை மாதிரி தெரிந்தால் தொய்வு. பிறகு கீழ் முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று காத்திருந்தோம். அதற்கப்புறம்தான் மண் தள்ள விட்டேன்.

அந்த மூன்று வாரத்தில் நடந்த இன்னொன்றுதான் நான் இவ்வளவு எழுதக் காரணம். இரண்டாம் நாள் குத்தகைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையைக் கழற்றி மடித்து எங்கள் சன்னலில் வைத்துவிட்டு, தெருவில் இருந்த மேன்ஹோல் மூடியைத் தள்ள ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவருக்குக் கோபம், கூலி போய்விடுமே என்று. முழுக் கூலியையும் கொடுத்து, இறங்க வேண்டாம் என்றேன். அம்மா டீ போட்டு, நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுத்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அதே மேன்ஹோலிலிருந்து ஏறி வந்த ஒருவருக்கு எங்கள் பாட்டி கை குவிக்கச் சொல்லி, படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நானும் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரின் முகம் இன்னும் என்னை விடவில்லை.

மேன்ஹோலுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாசனை இல்லை என்று இறங்குபவர் அப்படியே சரிவார், தூக்கப் போகிறவரும் சரிவார். மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரையும் உள்ளே இறக்கக் கூடாது. இறக்கினால் வீட்டுக்காரராக இருந்தாலும் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. இப்படி இறந்தவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இங்கே வார இறுதியில் கூடி ஊர் நாறுகிறது, ஊர் திருந்தாது என்று பேசும் நம் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் அனுப்பிய பணத்தில்தான் ஆட்கள் உள்ளே இறங்குகிறார்கள். யாரை இறக்கினீர்கள் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். மெயின் அடைப்பு என்றால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் மெட்ரோவாட்டரின் ஜெட் ராடிங் வண்டி வரும் வரை அம்மாவைச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். குழாய் இறங்கியதும் பாதி, கண்ணாடி வைத்துப் பார்த்தபின் மீதி. குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அங்கே காலை ஒன்பதுக்கு வேலை தொடங்கினால் இங்கே முந்தின இரவு பத்தரை. இரண்டு ராத்திரி விழித்திருந்து வீடியோ காலில் பாருங்கள். முதலில் சேம்பரைத் திறந்து எடுத்த படம் ஒன்றும், பின்கட்டு முழுதும் தெரிகிற படம் ஒன்றும் எனக்கு அனுப்புங்கள். நான் பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பேன்.