மெட்ராஸ் டெரஸ் வீடு இரவில் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: திருவல்லிக்கேணியில் 90 வருடப் பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ், நடுவில் முற்றம். முன்பெல்லாம் மின்விசிறியே போதும். இப்போது கோடையில் பகலைச் சமாளித்துவிடலாம்; இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடி அறையில் படுக்க முடியவில்லை. மேலே சிமென்ட் போட்டு கூலிங் டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார் கொத்தனார். முற்றத்துக்கு ஷீட் போட்டு மூடி, ஏசி மாட்டலாம் என்கிறான் மகன். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் மொட்டைமாடித் தளத்துக்குச் சுண்ணாம்பால் வெள்ளையடியுங்கள்.

உங்கள் மெட்ராஸ் டெரஸ் தளம் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கிய சின்னச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). மொத்தம் ஏறக்குறைய எட்டங்குலம். உச்சிவெயிலில் மேலே ஏறிய சூடு இந்தக் கனத்தைக் கடந்து கீழே வர ஆறிலிருந்து எட்டு மணி நேரமாகும். பகல் இதமாக இருப்பதும் இரவு வேகுவதும் ஒரே காரணத்தால்தான். அந்தக் காலத்தில் இரவுக் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். இன்று மே, ஜூனில் விடியற்காலையிலேயே 28, 29 டிகிரி இருந்தால் தளம் எப்படி ஆறும்? ஆகவே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சால் சூடு உள்ளே ஏறாமல் தடுப்பதுதான் வழி.

ஒன்றரை அங்குல சிமென்ட் படுகையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் 9 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன்னுக்கு மேல் கூடுதல் பாரம், அதுவும் 90 வருடக் கட்டைகள் மீது. பாரத்தைவிட மோசமானது ஈரம். சுண்ணாம்புத் தளம் மழையில் உறிஞ்சியதை வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்டோ ரப்பர் மாதிரி படியும் பெயின்டோ வந்தால் அந்த வழி அடைபடும். விரிசலில் இறங்கிய நீர் சுவருக்குள் பதிந்திருக்கும் கட்டை முனைகளில் போய்த் தங்கி, அங்கேதான் உளுக்கும், கறையானும் வரும். எதையும் தொடங்குமுன் ஒவ்வொரு கட்டையும் சுவரில் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினாலோ, தட்டும்போது பொத்தென்று கேட்டாலோ, முதல் செலவு அந்தக் கட்டைக்குத்தான்.

வெள்ளையடிக்க ஏற்ற மாதம் பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை ஈரம் காய்ந்திருக்கும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டோட்டு இடுக்குகளில் பெயர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சம அளவில் குழைத்து அடையுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒருநாள் நீற்றி, துணியில் வடிகட்டி, கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பசை. கண்ணில் தெறித்தால் ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்தபின் மெல்லிசாக ஒரு கோட். காய்ந்ததும் குறுக்கே இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் அக்னி நட்சத்திரத்துக்குள் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும்.

முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட்டால் மூடினால் வெயில் உள்ளே வரும், சூடான காற்று வெளியே போகாது. வீட்டின் புகைபோக்கியே திறந்த முற்றம்தான். நிழல் வேண்டுமென்றால் கூரை விளிம்புக்கு இரண்டடி மேலே, நாலு பக்கமும் திறந்திருக்கும்படி பச்சை வலை கட்டுங்கள். செப்டம்பர் கடைசியில் கழற்றிவிட வேண்டும். புயல் காற்றில் கம்பியோடு பிய்த்துக்கொண்டு போகும்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதும் முக்கியம். கோடையில் காலையிலிருந்து மேற்கிலிருந்து வறண்ட அனல் வீசும். எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் சாத்திவிடுங்கள். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அந்த வறட்சியில் நன்றாக வேலை செய்யும். கடல்காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னல்களையும் வென்டிலேட்டர்களையும் திறந்துவிட்டு, தட்டிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். ஈரக்காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். ஏர் கூலருக்கும் இதே கதை.

மின்விசிறி பதிமூன்றடி உயரத்தில் ஓரடிக் கம்பியில் சுற்றினால் காற்று கட்டிலுக்கு வருவதற்குள் செத்துவிடும். இறக்கை தரையிலிருந்து எட்டரை அடியில் இருக்கும்படி நீளக் கம்பி போடுங்கள். கொக்கியைச் செங்கலில் அல்ல, தேக்குக் கட்டையைச் சுற்றிய கிளாம்ப்பில் மாட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு அறையில் ஏசி தேவைப்படலாம், தப்பில்லை. அந்த அறையின் வென்டிலேட்டர்களுக்குத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு போட்டு, 27 டிகிரியில் வைத்து மின்விசிறியும் ஓடட்டும். ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒழுகலும் கறையானும் அதற்கு மேலே இருந்தால் கட்டை முறியும்வரை யாருக்கும் தெரியாது.