புதிய ரீலுக்கு ஏற்ற மலிவான தூண்டில் கம்பு எது?

4000 அளவு ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி) வாங்கிவிட்டீர்கள். முகத்துவாரக் கரையில் நின்று கொடுவாவும் பாரையும் பிடிக்கக் குறைந்த விலையில் கம்பு வேண்டும் என்கிறீர்கள். 8 முதல் 9 அடி நீள ஸ்பின்னிங் கம்பு போதும். பிடிக்குச் சற்று மேலே ‘15–40 கிராம்’ என்பதுபோல அச்சிட்டிருக்கும். நரம்பின் நுனியில் கட்டி நீங்கள் வீசக்கூடிய எடை அதுதான். விலையைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள்.

கார்பன் கம்பு இலேசானது, ஆனால் பாறையில் மோதினால் விரிசல் விடும். முதல் கம்பாகக் கண்ணாடியிழை கலந்ததையே நான் சொல்வேன். கை சற்று வலிக்கும், எளிதில் உடையாது.

கடைக்கு ரீலையும் எடுத்துச் செல்லுங்கள். பொருத்தி இறுக்கி ஆட்டிப் பாருங்கள். பிறகு கம்பில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை நுழைத்து இழுங்கள். இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, பெரிய மீன் இழுக்கும்போது நரம்பை அறுத்துவிடும். அந்தக் கம்பு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.